பாடம் நம்மைக் கேள்வி கேட்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், செல்போன் பாடம் தயாரிக்கும் ஏற்காடு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் முதன்முதலில் செய்த பாடம் மிளகு பற்றியது. இருபது நிமிஷ வீடியோ. பாட்டு, ஓடுகிற எழுத்து எல்லாம் வைத்தேன். நாகலூர் பக்கம் ஒரு குழுவில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு பெரியம்மா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு கண்ணு. முப்பது வருஷமா மிளகு பறிக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே!"

அன்றைக்கே அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கேள்வியை நோட்டில் எழுதுங்க. "மிளகு பற்றி எல்லாம்" என்பது பாடம் ஆகாது. "எந்தச் சரத்தை இன்னிக்குப் பறிக்கலாம்?" என்பதுதான் பாடம். மூன்று படம் வைத்தேன். முழுக்கப் பச்சை, ஒன்றிரண்டு மணி சிவந்தது, முழுக்கப் பழுத்தது. எது சரியோ அதைத் தொடணும்.

இரண்டாவது, தப்பாகத் தொட்டால் சிவப்பு எக்ஸ் போட்டு அவமானப்படுத்தாதீங்க. காரணத்தைச் சொல்லுங்க. "பிஞ்சிலே பறிச்சா காய்ந்ததும் சுருங்கி எடை குறையும்." "முழுக்கப் பழுக்க விட்டா உதிரும், பறவை கொத்தும்." 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் கிடைப்பதே சுமார் 33 கிலோதான். அதிலும் எடை போனால், சரியாகக் காயாமல் பூசணம் பிடித்து வியாபாரி விலையை இறக்கினால், அந்த மாசம் கடன் தவணை எங்கிருந்து கட்டுவது?

மூன்றாவது, எழுத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டுங்க. படிக்கத் தெரியாதவங்களும் நம்ம உறுப்பினர்தான். ஒவ்வொரு கேள்வியையும் நம்ம ஊர்ப் பேச்சிலேயே பதிவு செய்யுங்க. படம் நம்ம தோட்டத்தில் எடுத்ததாக இருக்கட்டும்.

நான்காவது, பாடம் ஐந்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். வீடியோவைவிடப் படமும் குரலும் இடம் குறைவாகப் பிடிக்கும். எச்5பி என்ற மென்பொருள் இலவசம். லூமி என்ற இலவசச் செயலியில் அதை இன்டர்நெட் இல்லாமலே கம்ப்யூட்டரில் செய்து, ஒரே ஃபைலாகச் சேமிக்கலாம். மலை மடிப்பில் சிக்னல் போனாலும் பாடம் நிற்காது.

கடைசியாக, முடித்ததும் மூன்று பேரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்க. அவங்க விரல் எங்கே தயங்குதோ, அங்கேதான் பாடத்தில் குறை. அவங்ககிட்ட இல்லை.

இது படித்தவங்க வேலைன்னு நினைக்காதீங்க. தேனி மாவட்டத்தில் விடியல் அமைப்பைச் சேர்ந்த பெண்கள், காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் துணையோடு, ஆடு வளர்ப்புப் பாடத்தை செல்போன் வழியாகக் குரலிலேயே கேட்டுக் கற்றார்கள். ஆடு மேய்க்கும்போதே காதில் பாடம்! அவங்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

அந்தப் பெரியம்மா இப்போது என் பாடத்தில் குரல் கொடுக்கிறார். மூன்றாவது கேள்வி அவர் கேட்டதுதான். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வாங்க. மீதியைச் சேர்ந்து செய்வோம்.