வீட்டு விதியைத் திருத்தச் சொல்ல நமக்கும் வாய் உண்டு
(வாவிக்கரைத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்துக்காகக் கூடுகிறோம், கூரைக்காகக் கூடுவது குறைவு. வீடு எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்பது கொழும்பில் எழுதி முடித்த விஷயம் என்று விட்டுவிடுகிறோம். அது அப்படியல்ல என்பதற்கு இந்த மட்டக்களப்புக் கரையே சாட்சி.

2004 டிசம்பர் 26 சுனாமி நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு அரசாங்கம் ஒரு விதி போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது. அலை ஒன்றுதான், நமக்கு மட்டும் இரண்டு மடங்கு! தோணியையும் வலையையும் கரையில் விட்டுவிட்டு மீனவர் எங்கே போய்க் குடியிருப்பது? முகாம்களிலிருந்தும் மீனவர் சங்கங்களிலிருந்தும் இந்தக் கேள்வி ஓயாமல் எழுந்தது. மாற்றுக் காணியும் கிடைக்கவில்லை. 2005 முடிவதற்குள் விதி தளரத் தொடங்கியது. பிறகு 1997ஆம் ஆண்டின் கரையோரத் திட்டத்தில் இருந்தபடி, இடத்துக்கு இடம் மாறும் தூரங்களுக்கே திரும்பினார்கள். காணித் தட்டுப்பாடு ஒரு காரணம்தான். ஆனால் சனங்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தட்டுப்பாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இனி நம் கதைக்கு வருவோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களுக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிரா எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே அதோடு வாவித் தண்ணீரும் சேர்கிறது. மாரியில் முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கொழும்பில் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? அடுப்பு நனைந்த அம்மாமாருக்குத்தான் தெரியும்.

ஆகவே முதலில் ஒரு கேள்வி கேட்போம். நம் தோட்டத்தில் வீடு கட்ட எந்த விதி பொருந்தும் என்று 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட விதிகள் வர்த்தமானியில் வருபவை. 2021இலும் புதிதாக வெளியிட்டார்கள். கரையோரத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்த அறிவித்தல் பத்திரிகையில் வரும். நாம்தான் சினிமாப் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுகிறோம்! கிளைக்கு ஒருவர் அதைக் கவனிக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொதுமனுக் குழுவுக்கும் மனுக் கொடுக்கலாம்.

"வீடு சரியில்லை, ஐயா" என்று எழுதினால் அது கோப்புக்குள் தூங்கும். எந்த விதி, அதில் எந்த வரி, அதற்குப் பதிலாக என்ன வரி வேண்டும் என்று எழுத வேண்டும். உதாரணத்துக்கு, "வாவிக்கரைத் தோட்ட வீடுகளின் தரை, பதிவான வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்" என்று எழுதலாம். அதற்கு அளவு வேண்டும். இந்த மாரியில் தண்ணீர் வந்து நின்ற இடத்தில் சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். பிள்ளைகள் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டு வரட்டும்.

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைச் சங்கப் பெட்டியில் வைப்போம்.