வந்து போகும் வைத்தியமும் நிலைத்து நிற்கும் உரிமையும்

(கல்லடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்திற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் முக்கிய பகுதி)



உதடு பிளந்து பிறக்கும் குழந்தையைப் பற்றிப் பேச ஓர் அரசியல் மேடையா என்று சிலர் வினவக்கூடும். இதுவே அதற்குரிய மேடை என்பேன். உலகில் ஏறக்குறைய 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ நேர்கின்றது. போடியார் வீட்டிலும் நேரும். கூலியாளின் குடிலிலும் நேரும். பேதம் தோன்றுவது பிறந்த பின்னர்தான்.

கிரகண வேளையில் தாய் கத்தியைத் தொட்டதனால் வந்த குறை என்று பழிசுமத்தும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் முகத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதே இக்குறை. குற்றமற்ற தாயைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இத்தகைய குழந்தைகளுக்காகக் கடல் கடந்து சென்று, கூலி பெறாது சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்கள் உளர். ஆபிரிக்கக் கிராமங்களிலும் அவர்கள் பணி நடக்கின்றது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று பிலிப்பைன்சுக்குச் சென்றது. நாற்பது குழந்தைகள் வரை சிகிச்சை பெற்றனர்; இருநூறுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தத் தொண்டின் பெருமையும் எல்லையும் இவ்விரு எண்களிலேயே அடங்கியுள்ளன.

நமது தீவுக்கும் அத்தகையோர் வந்தனர். இலண்டன் சிறுவர் வைத்தியசாலையொன்றின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கல் மார்ஸ் 1980களில் காலியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். சிகிச்சையின்றியே வளர்ந்துவிட்ட பலரை அக்குழுவினர் அங்கே கண்டனர். காலந்தாழ்த்தி அண்ணத்தைத் தைத்தவர்களின் பேச்சை ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட முடிவு நமக்கு எச்சரிக்கையாகும்: பிளவு மூடப்பட்டது, பேச்சோ பலரிடம் திருந்தவில்லை.

ஏன்? தமிழ் இலக்கணம் அறிந்தோர் எளிதில் உணர்வர். க, ச, ட, த, ப முதலிய வல்லினத்துக்குக் காற்று வாயினுள் அடைபட்டு வெளிப்படல் வேண்டும். அண்ணம் பிளந்திருந்தால் அது மூக்கால் ஒழுகிவிடும். "அப்பா" என்று அழைக்க முயலும் குழந்தையின் வாயில் "அம்மா" போன்ற ஒலியே பிறக்கும். ஆகவே உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள்ளும் தைப்பதே முறை. பின்னர் பேச்சுப் பயிற்சி, செவிப் பரிசோதனை, பற்சிகிச்சை எனப் பல ஆண்டுகள் தொடரும்.

வேளாண்மை செய்வோர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. சத்திரசிகிச்சை விதைப்பு மாத்திரமே. நீர் கட்டவும், களை பிடுங்கவும், யானைக் காவல் இருக்கவும் ஊரில் ஆள் வேண்டும். விருந்தினர் வந்து விதைத்துச் செல்லலாம். அறுவடை வரை நிற்பது அவரால் இயலாது.

1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் இதனை உணர்ந்திருந்தார். மானிப்பாயில் நோயாளரைக் குணப்படுத்தியதோடு அவர் அமையவில்லை. மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். அவர் போனார், வைத்தியம் நின்றது. தொண்டர்களை அளக்கும் கோல் இதுவே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரை பிள்ளையின் சுகநலத்தை உரிமையென்கிறது. ஆயினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அவ்வுரிமை தனியாக எழுதப்படவில்லை. இலவச வைத்தியம் நம் நாட்டின் பெருமை. ஆனால் கூலி நாளை இழந்து, வண்டிச் செலவுக்கும் கடன்பட்டு நகருக்கு வரும் தாய்க்கு அது இலவசமன்று.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். பிளவுடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பிறந்த வாரத்திலேயே பதியப்பட்டு, பால் புகட்டும் முறை தாய்க்குக் கற்பிக்கப்படல் வேண்டும். சிகிச்சை முடியும்வரை வறிய குடும்பத்துக்குப் பயணப்படி வழங்கப்படல் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்திற் தமிழிலேயே பயிற்சியளிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் போதிய தொகையினராக நியமிக்கப்படல் வேண்டும். தமிழின் வல்லினத்தைத் தமிழறியாதவர் எவ்வாறு பயிற்றுவார்?

மொழியுரிமைக்காக நெடுங்காலம் வாதாடிய மக்கள் நாம். தன் மொழியை உச்சரிக்கவே இயலாதிருக்கும் நம் குழந்தைக்காகவும் வாதாடக் கடமைப்பட்டுள்ளோம். வரும் வைத்தியரை நன்றியோடு வரவேற்போம். நமக்குரியதை அரசிடம் உறுதியோடு கேட்போம்.