வடக்கேயிருந்து வந்த அண்டை வீட்டார்



மெக்ஸிகோ நாட்டு மக்கள் பிழைப்பை நாடி எல்லை கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்வதைப் பற்றி நீங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள். வடக்கேயிருந்து தெற்கே வந்து குடியமர்வோரும் உண்டு என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தெற்கிலிருந்து வடக்கே செல்பவனைக் குடியேறி என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருபவரோ தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்வது அரிது. பெயரிடுவதிலேயே இத்தனை வேற்றுமை!

மெக்ஸிகோவின் நடுப்பகுதியில், மலைச்சரிவொன்றில், ஸான் மிகெல் தெ அயெந்தெ என்னும் பழமையான நகரம் இருக்கிறது. வெள்ளி வணிகம் செழித்த நாளில் வாழ்ந்து, பின்னர் நலிந்த ஊர் அது. 1937-இல் ஸ்டெர்லிங் டிக்கின்ஸன் என்ற அமெரிக்கர் அங்கு வந்து தங்கினார். அடுத்த ஆண்டில், பெரு நாட்டவரான கோஸியோ தெல் பொமார் அங்கே ஓவியப்பள்ளி ஒன்றை நிறுவினார். டிக்கின்ஸனும் அதில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்வீரர்களின் கல்விக்காக அமெரிக்க அரசு அளித்த உதவித்தொகையைக் கொண்டு இளைஞர் பலர் அப்பள்ளியில் சேர்ந்தனர். தம் நாட்டில் கைக்கும் வாய்க்குமாக இருந்திருக்கக்கூடிய தொகை, அங்கே வேலைக்காரி வைத்து வாழப் போதுமானதாயிற்று. மாணவருக்குப் பின்னே ஓவியர்களும், அவர்களுக்குப் பின்னே ஓய்வூதியம் பெறும் முதியோரும் வந்தனர். 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இதன் அடிப்படை ஒரு சிறு கணக்கு. 2025-இல் மெக்ஸிகோவின் பெரும்பகுதியில் குறைந்தபட்ச நாட்கூலி 278.80 பெஸோ. அதனை டாலராக மாற்றினால் ஏறத்தாழ 14 அல்லது 15 வரும். அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதாவது, ஒருவன் நாள் முழுதும் உழைத்துப் பெறுவதை மற்றவன் இரண்டு மணி நேரத்தில் பெறுகிறான். இவ்விருவரும் ஒரே தெருவில் வீடு தேடினால், வீட்டுக்காரர் யாருக்குக் கதவைத் திறப்பார் என்பதை உங்கள் ஊகத்திற்கே விடுகிறேன்.

வந்தவர்களால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. இடிந்து கிடந்த மாளிகைகளை அவர்கள் பழைய முறைப்படியே செப்பனிட்டார்கள். அதனால் கொத்தருக்கும் தச்சருக்கும் இரும்பு வேலை செய்வோருக்கும் தொழில் கிடைத்தது. அழிந்துபோகக்கூடிய கைத்திறன் சிலவும் பிழைத்தன. ஊருக்கு நூலகம் கண்டார்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு நிதி திரட்டினார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தில் சப்பாலா ஏரிக்கரையிலுள்ள அஹிஹிக் என்னும் சிற்றூரில், நீல் ஜேம்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் குழந்தைகளுக்கு நூல் நிலையமும் சித்திர வகுப்பும் ஏற்படுத்தினார். அவ்வகுப்பில் தூரிகை பிடித்த மீனவச் சிற்றூர்ப் பிள்ளைகளில் சிலர் பிற்காலத்தில் ஓவியர்களாகவே விளங்கினர்.

ஆனால் வீடு என்பது வேறு விஷயம். ஸான் மிகெலில் இன்று வீடுகளின் விலை பெரும்பாலும் டாலரிலேயே பேசப்படுகிறது. சொந்த வீடு இருந்தவர்க்கு, அதனை விற்றபோது ஒருமுறை பெருந்தொகை கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்க்கு அதுவும் இல்லை. விற்றவரின் மக்களோ தாம் பிறந்த தெருவில் ஓர் அறையும் வாங்கவியலாமல் புறநகர்க் குடியிருப்புகளுக்குச் சென்றார்கள். தம் பாட்டனார் வாழ்ந்த தெருவுக்கு அவர்களிற் சிலர் நாள்தோறும் காலையில் வருகிறார்கள். தோட்டம் பெருக்கவும் சமைக்கவும் வருகிறார்கள். இழப்பு அனைவருக்கும் ஒரே அளவினதன்று என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘உள்ளூரார்’ என்று ஒரே சொல்லால் எல்லோரையும் அடக்கிவிட்டால் உண்மை நழுவிவிடுகிறது.

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், அமெரிக்காவில் பிறந்து மெக்ஸிகோவில் வாழ்வோர் ஏறத்தாழ 8 லட்சம் எனக் காணப்பட்டது. அவர்களிற் பெரும் பகுதியினர் ஊர் திரும்பிய மெக்ஸிகப் பெற்றோரின் பிள்ளைகளே. பணம் படைத்த அயலார் தொகை அவ்வளவு பெரிதன்று. அவர்கள் சில ஊர்களில், சில தெருக்களில் குவிவதாலேயே விளைவு பெரிதாகிறது.

மெக்ஸிகர் நிலத்தைப் பற்றி ஏன் இத்தனை கூருணர்ச்சி கொண்டுள்ளனர் என்பதற்கு வரலாறு விடை தருகிறது. 1820-களில் மக்கள்தொகை குன்றியிருந்த தேஹாஸ் பகுதிக்கு, அதாவது இன்றைய டெக்ஸாஸுக்கு, அமெரிக்கக் குடும்பங்களை வரவேற்று நிலம் வழங்கியது மெக்ஸிக அரசே. விரைவில் வந்தவர் தொகை இருந்தவர் தொகையை மிஞ்சிற்று. 1829-இல் அடிமை முறையை ஒழித்ததும், 1830-இல் மேற்கொண்டு வருவதைத் தடுத்ததும் பிணக்கை வளர்த்தன. 1836-இல் டெக்ஸாஸ் பிரிந்தது. 1846-இல் மூண்ட போரின் முடிவில், 1848-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், மெக்ஸிகோவின் நிலப்பரப்பிற் பாதியளவு கைமாறிற்று. 1917-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 27-ஆம் விதி, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் அயல்நாட்டார் நேரடியாக நிலவுரிமை பெறுவதைத் தடுத்தது. எனினும் வங்கியின் பெயரில் 50 ஆண்டுப் பொறுப்புரிமையாகப் பெற்று அனுபவிக்க, 1993-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஸான் மிகெலோ உள்நாட்டு ஊர்; இத்தடை அங்கே செல்லாது.

அண்மைக் காலத்தில் கணிப்பொறி வழியே எங்கிருந்தும் பணிபுரியும் இளைஞர்கள் தலைநகரின் ரோமா, கொந்தேஸா பேட்டைகளை நாடி வந்தனர். 2022-இல் நகர நிர்வாகமே ஏர்பிஎன்பி நிறுவனத்துடன் உடன்பாடு செய்து அவர்களை அழைத்தது. 2025 ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளன்றே, அத்தெருக்களில் வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம் நடந்தது. சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், முந்திய ஆண்டின் விலைவாசி உயர்வுக்கு மேல் வாடகையை உயர்த்தலாகாது என்று 2024-இலேயே அந்நகரில் சட்டம் இயற்றியிருந்தார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தமின்றிக் குடியிருப்போர் அச்சட்டத்தை எந்த மன்றத்தில், எந்தச் சான்றைக் காட்டி நிலைநாட்டுவது?