ஆட்டமிழந்தவருக்கும் பணி உண்டு
(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை முற்றியதும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்கள் வற்றும். வற்றிய சில நாட்களிலேயே அங்கு மூன்று குச்சிகள் நடப்பட்டுவிடும். வெடித்த கரம்பை மண்ணைத் தட்டிச் சமன்செய்து, கருவேல முள்ளை ஒதுக்கி, இளைஞர்கள் தாமே களம் அமைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஊதியம் இல்லை. மறுநாள் நாளிதழில் பெயரும் வராது. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் ஆடுகளமே நீருக்குள் மறைந்துவிடும். அதற்காக எவரும் கலங்குவதில்லை. நீர் நிறைந்தால்தான் வயல் விளையும் என்பது ஆடுபவர்களுக்கும் தெரியும்.

இந்த எளிய கிரிக்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. தனியே நடுவர் கிடையாது. மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே ஒருவர் நடுவராக நிற்கவேண்டும். பெரும்பாலும் சற்றுமுன் ஆட்டமிழந்தவருக்கே அப்பணி வந்து சேரும். முதற்பந்திலேயே ஸ்டம்பு சாய்ந்து, தலைகுனிந்து வெளியேறிய இளைஞர், சிறிது நேரத்தில் மீண்டும் களத்தினுள் நிற்கிறார். எதிரே தம் தோழர் ரன் அவுட் ஆகிறார். விரலை உயர்த்தினால் தம் அணிக்கு இழப்பு. உயர்த்தாவிட்டால் உண்மைக்கு இழப்பு. மனம் புண்பட்டிருக்கும் அவ்வேளையிலும் நடுநிலை தவறாமல் அவர் விரலை உயர்த்தவேண்டும். பிறகு ரன் கணக்கு எழுதவேண்டும். முட்புதரில் விழுந்த பந்தைத் தேடவேண்டும். எதிரணி ஆடும்போது பந்து வீசவேண்டும். மட்டையைக் கொடுத்த பின்னும் அவருக்குரிய பணி முடிவதில்லை. தோல்வியைத் தாங்கும் முறையை இந்த ஆட்டம் இவ்வாறே கற்பிக்கிறது.

இதற்குச் சான்றாக நிற்பவர் வருண் சக்கரவர்த்தி. இளமையில் அவர் விக்கெட் கீப்பராக ஆடினார். வயதுவரம்பு அணிகளுக்கான தேர்வுகளில் மீண்டும் மீண்டும் இடம் கிடைக்கவில்லை. 17 வயதில் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை பயின்றார். பட்டம் பெற்றுக் கட்டட வடிவமைப்பாளராகப் பணியும் செய்தார். டென்னிஸ் பந்து ஆட்டம் மட்டும் பொழுதுபோக்காகத் தொடர்ந்தது. பின்னர் வேலையைத் துறந்து வேகப்பந்து வீச்சாளராகச் சங்க ஆட்டத்துக்குத் திரும்பினார். முழங்காலில் காயம் ஏற்பட்டு அதுவும் நின்றது. அப்போதுதான், டென்னிஸ் பந்தில் விளையாட்டாகக் கற்ற விரல் வித்தைகளைக் கொண்டு சுழற்பந்துக்கு மாறினார். 2017-18 பருவத்தில் சென்னை நான்காம் டிவிஷன் ஆட்டங்கள் 7இல் 31 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை அணி. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் இரு ஆண்டுகளிலும் அவ்வணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. 2018 ஆகஸ்டில் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அண்டை மாவட்டமான திண்டுக்கல்லின் அணியை அது எதிர்கொண்டது. தொடக்கத்திலேயே 3 விக்கெட்டுகள் சரிந்தன. அதன்பின் ஒரு விக்கெட்டும் இழக்காமல் ஆடி, மதுரை கோப்பையை வென்றது.

அவ்வாண்டே ஐபிஎல் ஏலத்தில் வருண் 8 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். கதை அங்கே இனிதே முடியவில்லை. 2019இல் தம் முதல் ஐபிஎல் ஆட்டத்தின் முதல் ஓவரில் 25 ரன்கள் கொடுத்தார். காயத்தால் அந்தப் பருவத்தில் அந்த ஓர் ஆட்டத்தோடு நின்றார். 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் கிட்டாமல் இந்திய அணியில் இடம் இழந்தார். மூன்றாண்டு காத்திருப்புக்குப் பின் 2024 அக்டோபரில் திரும்ப அழைக்கப்பட்டார். 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார். இந்தியா வென்ற சாம்பியன்ஸ் கோப்பையில் அவருக்கும் பங்கு உண்டு.

விடாமுயற்சி இருந்தால் எவரும் இவ்வுயரம் எட்டலாம் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. கண்மாயில் ஆடும் ஆயிரக்கணக்கானோரில் ஏறக்குறைய அனைவரும் எந்த ஏலத்திலும் பெயர் அறியப்படாமலே முதுமை அடைவர். வருணின் வாழ்வில் கற்கத் தக்கது வேறு. கீப்பர் கையுறை பயன்படாதபோது அதைக் கழற்றினார். வேகப்பந்து வீச உடல் இடம் தராதபோது அதையும் விட்டார். ஒவ்வொரு முறையும் கையில் எஞ்சியதைக் கொண்டு செய்யத்தக்க அடுத்த பணியைத் தேடினார். இது பெயர் பெறாதவருக்கும் இயலும்.

இல்லங்களிலும் இவ்விழப்புகள் நேர்கின்றன. ஒரு மகள் தேர்வில் மதிப்பெண் குறைந்து அறைக்குள் முடங்குகிறாள். ஒரு தந்தை பல்லாண்டு நடத்திய கடையை மூடிவிட்டுச் சாவியைக் கையில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். அவ்வேளையில் உறவினர் கூடி, "ஏன் இப்படி ஆயிற்று?" என்று விசாரணை நடத்துவதும், "ஒன்றுமில்லை, விடு" என்று துயரத்தை மறுப்பதும் ஒருங்கே புண்படுத்துவன. கண்மாய்க் களத்தில் ஆட்டமிழந்தவரை மரநிழலில் சற்று நேரம் தனியே இருக்க விடுகிறார்கள். அதன்பின் ஒரு தோழர் வந்து, "நடுவராக நிற்க ஆள் வேண்டும், வா" என்று அழைக்கிறார். ஆறுதல் மொழி ஏதும் சொல்வதில்லை. "நீ இன்னும் எங்களுக்கு வேண்டியவன்" என்பது அவ்வழைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

அழுவதற்கு நேரம் தருவதும், பிறகு ஒரு பணியைச் சொல்லி அழைப்பதும் குடும்பத்தார் செய்யத்தக்க உதவிகள். தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவோ, விழாவுக்குப் பந்தற்கால் நடவோ அழைக்கலாம். பணி சிறிதாயினும் போதும். இவ்விழா முடிந்து இல்லம் திரும்புகையில், அண்மையில் எதையோ இழந்து ஒதுங்கியிருக்கும் ஒருவரை ஒவ்வொருவரும் நினைவுகொள்க. நாளைக் காலை அவரை ஒரு வேலைக்கு அழைக்க.