கயிறு பிடிக்கும் கை



மாப்பிள்ளையூரணியில் முத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும் இந்தப் பேச்சின் பொருள் முத்து அன்று. முத்தெடுக்கப் போனவனின் மூச்சு. தென்கடல் நாடாகிய ஆஸ்திரேலியாவின் பந்தாட்டம் ஒன்றும் இதில் வரும். முத்துக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று அவை வியக்கலாம். உறவு உண்டு, அது ஒரு கயிற்றின் வழியே செல்கிறது.

முத்துச்சலாபம் நடந்த நாள்களில் குளியாளி கடலில் இறங்கிய முறையை இந்தக் கரையின் முதியோர் அறிவர். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து, மூக்கை அடைத்து, இடுப்பில் வலைப்பையோடு அவன் இறங்குவான். பாரின் மேல் கிடக்கும் சிப்பிகளைக் கிடைத்த மட்டும் வாரிப் பையில் இடுவான். நீருக்கடியில் அவன் இருந்தது ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று முன்பின். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் அந்த அசைவை அறிந்து வலித்து இழுக்க வேண்டும். கணம் தப்பினால் உயிர் தப்பாது. சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்ற மந்திரக்காரரும் இருந்தார்; அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் குளியாளி உண்மையில் நம்பியது மந்திரத்தை அன்று, மேலே கயிறு பிடித்தவனை. அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே வழக்கம் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் தங்கையின் தாலியைக் காப்பவன் கைசோர மாட்டான் என்பது அதன் காரணம். மாப்பிள்ளை கடலுக்குள், மைத்துனன் தோணியில். இப்படி ஒரு வழக்கைப் பேசுவதற்கு மாப்பிள்ளையூரணியைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைப்பது அரிது.

கொற்கை முத்தைச் சங்கப் புலவர் பலர் பாடினர். மதுரைக்காஞ்சி கொற்கையின் சிறப்பை விரித்துரைக்கிறது. ஆனால் முத்து பெற்ற அடிகளை எண்ணிவிட்டுக் குளித்தவன் பெற்ற அடிகளையும் எண்ணிப் பார்த்தால், தமிழ்க் கவிதை அவனிடம் பட்டிருக்கும் கடன் விளங்கும். அரசுகளும் அப்படியே. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடி மாறியது; குளியாளி மாறவில்லை. ஆங்கிலேயர் நடத்திய சலாபத்தில் சிப்பியை மூன்று கூறாக்கினர். இரண்டு கூறு அரசுக்குப் போயிற்று. ஒரு கூறுதான் குளித்தவர்க்கு. இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர்ச்சலாபம். அதன் பின் பார்கள் வளம் குன்றின. சங்குக் குளிப்பு மட்டும் நிலைத்தது.

இதே முத்தின் பொருட்டு, இந்துமாக்கடலின் மறுகோடியில் இன்னொரு கரையிலும் மனிதர் மூழ்கினர். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரை அது. புரூம் என்ற துறைமுகம் பின்னாளில் அதன் தலைநகர்போல் விளங்கியது. அங்கே 1860களில் முத்துச்சிப்பித் தொழில் தொடங்கியபோது மூழ்குவதற்கு ஆள் தேடிய வெள்ளையர், அந்த மண்ணின் ஆதிக்குடி மக்களைப் பிடித்தனர். பிடித்தனர் என்பது அணியன்று. பலர் வலிந்து கொண்டுவரப்பட்டனர். ஊர் விட்டு ஊர் கடத்தப்பட்டோரும் உண்டு. ஆதிக்குடிப் பெண்களை மூழ்கப் பயன்படுத்தலாகாது என்று 1871இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே தோணியில் மைத்துனன் நிற்கவில்லை. கூலிக்கு ஆள் சேர்த்தவன் நின்றான்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளைத் தேடி மீண்டும் ஆள்கள் வரலாயினர். இம்முறை மூச்சுக்காக அன்று. காலுக்காகவும் கண்ணுக்காகவும் பாய்ச்சலுக்காகவும்.

ஆஸ்திரேலியக் கால்பந்து என்பது இங்குள்ளோர் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவத் திடலில், முட்டை வடிவப் பந்தோடு, பக்கத்திற்குப் பதினெண்மர் ஆடுவது. பந்தை உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம், முட்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். உயரே வரும் பந்தை எதிராளியின் தோள்மேல் ஏறியும் பிடிக்கலாம். அந்தப் பிடியை 'மார்க்' என்பர். மெல்போர்ன் நகரில் 1859இல் இதன் விதிகள் எழுதப்பட்டன. ஆதிக்குடியினர் ஆடிய 'மார்ன்கிரூக்' என்ற பழைய பந்தாட்டம் இதற்கு வித்திட்டதா என்ற வழக்கு அறிஞரிடையே இன்னும் முடியவில்லை. வித்து எவருடையதாயினும் திடலின் வாயிலில் நின்றவர் வெள்ளையர். டக் நிக்கல்ஸ் என்ற ஆதிக்குடி இளைஞர் 1927இல் கார்ல்டன் அணியில் சேரச் சென்றார். அவர் உடலில் நாற்றம் என்று சொல்லி உடன் ஆடுவோர் ஒதுக்கினர். அவர் பின்னர் ஃபிட்ஸ்ராய் அணியில் ஆடிப் புகழ்பெற்றார், சமயப் போதகரானார், 1976இல் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரும் ஆனார். வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர் ஆளுநர் மாளிகைக்குள் நுழைந்த கதை தமிழ்நாட்டுக் கோயில் வாயில்களை அறிந்தோர்க்குப் புரியாததன்று.

1980களில் ஆட்டம் பெருவணிகமாயிற்று. ஆண்டுதோறும் புதிய வீரரை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாடு 1986இல் வந்தது. அதன் பின் ஒவ்வோர் அணியும் ஆள் தேடுவோரை நாடெங்கும் அனுப்பியது. தேடுவோர் பாலைநிலத்துச் சிற்றூர்களுக்கும் வடகரைக்கும் தீவுகளுக்கும் சென்றனர். கையில் கடிகாரம், குறிப்பேடு. பின்னாளில் ஒளிப்படக் கருவி. நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர் அளவே உள்ள ஆதிக்குடியினர், 2020ஆம் ஆண்டளவில் உயர்மட்ட ஆட்டக்காரருள் பத்தில் ஒருவராயினர். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அவர்தம் ஆட்டத்தை வருணித்த சொற்களை உற்று நோக்க வேண்டும். 'மாயம்', 'மந்திரம்', 'இயற்கை வரம்' என்ற சொற்களே மீண்டும் மீண்டும் வரும். வெள்ளை வீரன் உழைத்துக் கற்றவன். கறுப்பு வீரன் பிறப்பிலேயே பெற்றவன். புழுதித் திடலில் வெறுங்காலோடு, அண்ணன் தம்பி மாமன் மக்களோடு, பத்தாண்டுகள் மாலைதோறும் ஆடிய பயிற்சி அந்தக் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. முத்துக்குளிப்போன் நுரையீரலைப் பற்றியும் அந்நியர் இப்படித்தான் வியந்தனர். சிறுவயதில் தகப்பனோடு கடலில் இறங்கிப் பழகிய காலத்தை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. வரம் என்று சொல்லிவிட்டால் கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்பதும் இதில் ஒளிந்திருக்கிறது.

திடலில் என்ன நேர்ந்தது? 1993 ஏப்ரல் 17 அன்று காலிங்வுட் அணியின் சொந்தத் திடலில், ஆட்டம் முழுதும் இனவசை கேட்ட நிக்கி வின்மார், வெற்றிக்குப் பின் சட்டையை உயர்த்தித் தம் கறுத்த மேனியைச் சுட்டிக் காட்டினார். அந்த நிழற்படம் இன்றும் அந்நாட்டின் மனச்சான்றை உறுத்துகிறது. 1995இல் மைக்கேல் லாங் என்பவர் முறையிட்டதனால் இனவசைக்கு எதிரான விதி பிறந்தது. விதி பிறந்தும் இருபதாண்டு கழித்து, ஆட்டத்தின் உச்சப் பரிசை இருமுறை வென்ற ஆடம் கூட்ஸ் கூட்டத்தின் ஊளையைத் தாங்கி 2015இல் ஓய்வு பெற்றார். சங்கம் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

வசை ஒருபுறம் இருக்க, வசையில்லாத துயரம் ஒன்று உண்டு. நடுப்பாலையின் யுவெண்டமு என்ற ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வார்ல்பிரி மொழி பேசும் லியம் ஜுர்ரா அவ்வூரார்; குல மரபுப்படி ஆண்மைச் சடங்கு கண்டவர். 2008 டிசம்பரில் மெல்போர்ன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 2009இல் களமிறங்கினார். 2010இல் அவர் பிடித்த பிடி ஆண்டின் சிறந்த பிடியாக அறிவிக்கப்பட்டது. 2012இல் அணியை விட்டு நீங்கினார். நான்கே ஆண்டுகள். எதிராளியின் தலைக்கு மேல் எழுந்தவருக்கு, அயல்மொழி பேசும் நகரில், இழவுக்கும் சடங்குக்கும் ஊர் அழைக்கும்போதெல்லாம் ஊருக்கும் அணிக்குமிடையே நிற்பது எளிதாக இருந்திருக்காது. தேர்வாளர் உயரத்தை அளந்தனர், வேகத்தை அளந்தனர். ஊர் எவ்வளவு தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் மட்டுமே அளந்தனர்.

இது வேற்றுநாட்டுக் குறை என்று ஒதுக்க வேண்டா. இந்திய விளையாட்டு ஆணையம் 1980களில் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டம் என ஒன்றை வகுத்தது. பழங்குடி, மலை, கடலோரப் பகுதிகளில் இளந்திறனைத் தேடுவது அதன் நோக்கம். 1987இல் ராஜஸ்தானத்தின் உதயப்பூர்ப் பகுதியில் நடந்த தேர்வில், மூங்கில் வில்லால் பறவை அடித்துப் பழகிய லிம்பா ராம் என்ற சிறுவர் கண்டெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அவர் ஒலிம்பிக்கில் நின்றார். 1992, 1996ஆம் ஆண்டுகளிலும் சென்றார். 1992இல் பெய்ஜிங்கில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். தேடல் பயனற்றது என்று எவரும் சொல்ல முடியாது.

அதே திட்டம் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் சித்தி மக்களிடமும் சென்றது. சித்தியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணரப்பட்டோரின் வழியினர். ஆப்பிரிக்கர் ஓட்டத்தில் வல்லவர், ஆகவே சித்தியரும் ஓடுவர் என்பது அதிகாரிகளின் எண்ணம். மீண்டும் இரத்தத்தின் மீதே நம்பிக்கை! பிள்ளைகள் விடுதிகளில் சேர்க்கப்பட்டனர், ஓடினர், பதக்கமும் பெற்றனர். 1990களின் தொடக்கத்தில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. காட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளைகள் காட்டிற்கே திரும்பினர். படிப்பு பாதி, ஓட்டம் பாதி. கடலுக்குள் இறக்கிவிட்டுக் கயிற்றைத் தோணியில் போட்டுவிட்டுப் போனதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

பிடித்த கை விடாத கதையும் இந்நாட்டில் உண்டு. ராஞ்சிப் பக்கத்து முண்டா குடிச் சிறுவர் ஜெய்பால் சிங்கை அவர் பள்ளியின் தலைவராயிருந்த பாதிரியார் காஸ்கிரேவ் இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆக்கியில் சிறந்து, 1928இல் ஆம்ஸ்டர்டாம் சென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார் ஜெய்பால் சிங். அந்த அணி தங்கம் வென்றது. அவர் விளையாட்டோடு நிற்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, தம்மைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டு, பழங்குடியினரின் குரலாக முழங்கினார். அவர் காடு திரும்பியது தோற்றவராக அன்று. பாதிரியாருக்கு மதநோக்கம் இருந்திருக்கலாம். இருந்தது என்றே கொள்வோர் உளர். ஆயினும் அவர் அழைத்துப் போனது ஒரு காலையோ கையையோ அன்று, ஒரு பிள்ளையை.

ஆஸ்திரேலியரும் சிறிது கற்றுக்கொண்டனர். 2000இல் பெர்த் நகரில் தொடங்கிய கிளான்டார்ஃப் அமைப்பு பந்தாட்டத்தைக் காட்டி ஆதிக்குடிச் சிறுவரைப் பள்ளிக்கு ஈர்க்கிறது. ஆட வேண்டுமானால் வகுப்புக்கு வர வேண்டும். 2016 முதல் ஒவ்வோர் அணியும் தனக்கென ஒதுக்கிய பகுதியில் ஆதிக்குடி இளைஞரை முன்கூட்டியே வளர்க்கும் பயிற்சிக்கூடம் நடத்தலாயிற்று. எனினும் அண்மை ஆண்டுகளில் உயர்மட்டத்தில் ஆதிக்குடி வீரர் தொகை சரிந்திருக்கிறது. தேடுவோர் குறைந்துவிடவில்லை.

டார்வின் நகருக்கு வடக்கே கடலில் திவித் தீவுகள் உள்ளன. 1940களில் கத்தோலிக்கத் துறவியர் அங்கே இந்த ஆட்டத்தைக் கொண்டு சென்றனர். இந்த முத்துக்கரையில் சேவியரின் பெயர் நிலைத்ததுபோல் அங்கே பந்து நிலைத்தது. ரியோலி என்ற ஒரே குடும்பத்தில் மாரிஸ் 1982இலும், சிரில் 2015இலும் இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்குரிய பதக்கம் பெற்றனர். சிரில் ரியோலி 2018இல், புகழும் பொருளும் குறையாத இருபத்தெட்டு வயதில், ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே விலகி வடக்கே தம் மக்களிடம் திரும்பினார். பத்திரிகைகள் அதை இழப்பு என்று எழுதின. திவியில் அதை எவ்வாறு கூறியிருப்பர் என்பது இந்தக் கரையில் கயிறு பிடித்தோர் வழிவந்தவர்க்குத் தெரியும்.

ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் அந்தத் தீவில் ஊர் அணிகளின் இறுதியாட்டம் நடக்கிறது. அன்று டார்வினிலிருந்து படகிலும் சிறு விமானங்களிலும் வெளியார் வந்திறங்குவர். காலையில் தீவின் ஓவியர் தம் ஓவியங்களை விரித்து விற்பர்; பிற்பகலில் ஆட்டம். வெயிலில் ஊரே திடலைச் சுற்றி நிற்கும். பாட்டிமார் பேரன்மாரைப் பெயர் சொல்லி அதட்டுவர். ஆட்டம் முடிந்ததும் வந்தவர்கள் விமானம் ஏறிவிடுவர். திடலில் சிறுவர்கள் இருட்டும் வரை உதைத்துக்கொண்டிருப்பார்கள்.