பிரெஞ்சு நிறுவனமும் மும்பைக் கைகளும்



மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நேரே திரைமுன் அமர்ந்துவிடுகின்றனர். அவர்கள் வீடியோ கேம் என்பதற்கு நிகழ்பட விளையாட்டு என்றொரு தமிழ்ச்சொல் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அதை வீட்டில் வழங்குவதில்லை. அவ்விளையாட்டுகளுள் சிலவற்றின் பகுதிகள் இதே மும்பையில் உருவானவை என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அவற்றை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் யுபிசாஃப்ட்.

பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் உழவர்களுக்கு வேண்டிய பொருள்களை விற்றுவந்த கியமோ குடும்பத்தில் ஐந்து சகோதரர்கள். அவர்கள் கணிப்பொறிப் பொருள்களை அஞ்சல் வழியே விற்கத் தொடங்கி, 1986ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தை நிறுவினர். 1995இல் வெளியான ரேமன், 2007இல் வெளியான அசாசின்ஸ் கிரீட் ஆகியவை அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தன. ஓர் ஆட்டத்தைப் பல நாடுகளின் கிளைகளுக்குப் பங்கிட்டுச் செய்விப்பது அதன் வழக்கம். அவ்வழியே 2008இல் புணேயிலும் 2018இல் மும்பையிலும் கிளைகள் அமைந்தன. அந்த 2018இல்தான் அதன் பங்கு 100 யூரோவைக் கடந்து உச்சம் தொட்டது.

தாழ்வு அதன்பின் வந்தது. பரந்த நிலப்பரப்பில் திரிந்து, குறித்த பணிகளை ஒவ்வொன்றாக முடிக்கும் ஒரே அச்சில் ஆட்டங்கள் வார்க்கப்பட்டன. ஆடுவோர் சலித்தனர், செலவோ பெருகிற்று. 2020இல் உயர் பதவியினர் சிலர்மீது எழுந்த முறைகேட்டுப் புகார்கள் நிறுவனத்தின் மதிப்பைக் குலைத்தன. 2025இல் முதன்மையான ஆட்டங்களுக்கென ஒரு துணை நிறுவனம் வகுத்து, அதன் நான்கில் ஒரு பங்கைச் சீனத்து டென்சென்ட்டுக்கு 116 கோடி யூரோவுக்கு அளிக்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் பங்கு விலை 10 யூரோவுக்கும் கீழே கிடந்தது.

நிற்க. நமக்கு நெருங்கிய செய்தி வேறு.

2003இல் இந்நிறுவனம் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆட்டம், ஓர் இந்திய மகாராசாவின் அரண்மனையைப் பாரசீகப் படை கொள்ளையிடுவதில் தொடங்குகிறது. இளவரசன் கையிலுள்ள குறுவாள் காலத்தைப் பின்னோக்கித் திருப்ப வல்லது. அதனைப் புதுக்கும் பணியில் புணே, மும்பைக் கிளைகளே தலைமை ஏற்றுள்ளன என்று 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் பிறர் திட்டத்தின் உறுப்புகளைச் செய்து கொடுத்துவந்த கைகளுக்கு முழு உருவம் ஒன்று கிடைத்தது. முன்னோட்டத்தைக் கண்டவர்களோ, உருவங்கள் பழமையாயுள்ளன என எள்ளினர். வெளியீடு தள்ளிப்போயிற்று, 2022 மே மாதத்தில் பணி கனடாவின் மான்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது.

‘நம்மவர்க்கு இவ்வளவுதான் வரும்’ என்று அப்போது இங்கேயே சிலர் பேசினர். அது பொருந்தாப் பேச்சு. 2003இல் மூல ஆட்டத்தைப் படைத்ததே மான்ட்ரியல் கிளைதான். அங்கும் மூன்றாண்டுக்கு மேல் உழைத்தும் அப்பணி நிறைவுறவில்லை. 2026 சனவரியில் அதனை நிறுவனம் அடியோடு கைவிட்டது. அன்றே வேறு ஐந்து ஆட்டங்களும் கைவிடப்பட்டன. இத்தனைக்கும் மும்பைக் கைகளைக் குறை கூறுவது எங்ஙனம்?

தாராவியில் தோல் பதனிடத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர். பதனிடும் தொழில் அங்கிருந்து நீங்கிய பின்னும் தோற்பை தைக்கும் தொழில் தங்கிற்று. கணிப்பொறியில் உருவம் வரையக் கற்ற இளைஞரும் அதுபோல் வேறு முதலாளியைத் தேடிக்கொள்வர். 2020ஆம் ஆண்டிலேயே புணேயில் நாடிங் ஹெட்ஸ் என்னும் சிறு குழுவினர், பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி முன்பு தோற்றிருந்தும், ராஜி என்ற ஆட்டத்தைத் தாமே படைத்து முடித்தனர். அதன் தலைவி ஓர் இந்தியச் சிறுமி. சூலமேந்தித் தன் தம்பியைத் தேடிச் செல்பவள்.