எலும்புருக்கியும் பசிப்பிணியும்



காசநோய்க்குத் தமிழில் வழங்கிவந்த மற்றொரு பெயர் எலும்புருக்கி. காசம் என்னும் சொல் இருமலைச் சுட்டும். எலும்புருக்கி என்பதோ உடல் நாள்தோறும் கரைவதைக் கண்முன் நிறுத்தும். பசியையும் ஒரு பிணியாகவே கண்டு 'பசிப்பிணி' என்று பெயரிட்டது மணிமேகலையின் மரபு. இவ்விரு பிணிகளுக்கும் இடையே உள்ள உறவை மருத்துவ அறிவியல் ஆய்ந்து உறுதிசெய்ய நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றில் திருவள்ளூர் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு.

புதுமைப்பித்தன் 1948இல் காசநோய்க்கு இரையானபோது அவருக்கு வயது 42. அந்நோய்க்கு முதல் மருந்தான ஸ்டிரெப்டோமைசின் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு அப்போது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. எளியவர் கைக்கு எட்டும் பொருளாக அஃது இந்நாட்டில் அன்று இல்லை.

சென்னையில் 1956இல் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தோன்றிற்று. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சியே. அங்கு 193 நோயாளிகள் இரு பிரிவினராகப் பகுக்கப்பட்டனர். ஒரு சாரார் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறுசாரார் நெரிசல் மிக்க தம் வீடுகளில், கிடைத்ததை உண்டு, மருந்தை மட்டும் தவறாது விழுங்கினர். ஓராண்டின் முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றிருந்தனர். 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. ஏழைக்கு வீட்டிலேயே மருத்துவம் உண்டு என்றாயிற்று. அது பெரும்பேறுதான். ஆயினும் அதனோடு பிழையான பாடம் ஒன்றும் ஒட்டிக்கொண்டது. சிறப்புணவு இன்றியும் மருந்து குணப்படுத்தும் என்பதே அங்குக் கண்டறியப்பட்டது. உணவின்மை நோயை வரவழைக்குமா என்பது கேட்கப்படவே இல்லை. கேட்கப்படாத வினாவுக்கு 'இல்லை' என்று விடை எழுதிக்கொண்டதைப் போலவே பின்வந்த திட்டங்கள் பல்லாண்டுகள் நடைபெற்றன.

அடுத்த நம்பிக்கை பி.சி.ஜி. ஊசி. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் பேராய்வு ஒன்று தொடங்கிற்று. ஏறத்தாழ 2,60,000 பேர் கைநீட்டினர். சிலருக்குத் தடுப்பு மருந்து. சிலருக்கு ஒப்பீட்டுக்கான வெற்று ஊசி. அவர்களைப் பதினைந்தாண்டுகள் பின்தொடர்ந்தும், பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளைக் கொடிய மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது என்பது வேறு. உலக மருத்துவ நூல்கள் 'செங்கற்பட்டு ஆய்வு' என்றே இதைக் குறிக்கின்றன. ஊர்ப்பெயர் நிலைத்தது. கைநீட்டியவர்களுக்கு நன்றி சொன்னவர் எத்துணைப் பேர் என்று தெரியவில்லை.

ஊசியும் காவாதெனின், மேலைநாடுகளில் இந்நோய் எவ்வாறு ஒடுங்கிற்று? இங்கிலாந்தில் மருந்து பிறக்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, காசநோய்ச் சாவுகள் சரியத் தொடங்கிவிட்டன. உணவு செழித்ததே அதற்குத் தலையாய காரணம் என்று தாமஸ் மெக்கியூன் வாதிட்டார். உணவுக்கு அவர் அளித்த பங்கு மிகை என மறுத்தோரும் உளர். ஆனால் மருந்துக்கு முன்னரே சரிவு நிகழ்ந்ததை மறுத்தவர் இலர்.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரும்புருக்கு ஆலைகள் உள்ளன. இரும்பை உருக்கும் ஊரில் எலும்புருக்கியைப் பற்றிப் பேசுவது சொல்விளையாட்டன்று. வார்ப்புத் தொழிலில் அச்சுமணலின் சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து அதன் காப்பாற்றலைச் சிதைக்கிறது. அத்தகைய நுரையீரலில் காசக்கிருமி எளிதில் குடியேறும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர், காற்றுப் புகாத ஓரறையில் பலராய்த் தங்கி முறைவைத்து உறங்குவதுண்டு. ஒருவர் இருமினால் அறையே இருமும். மாவட்டத்தின் செங்கற்சூளைகளிலோ இன்னலின் வடிவம் வேறு. மழைக்காலம் கழிந்தபின் வரும் குடும்பங்கள் கோடையின் முடிவில் ஊர் திரும்பும். காசநோய் மருத்துவத்துக்குக் குறைந்தது ஆறு மாதங்கள் வேண்டும். மாசியில் இருமல் கண்டறியப்பட்டவர் ஆவணியில் எந்த மாநிலத்தில் இருப்பாரோ!

கேட்கப்படாத அந்தப் பழைய வினாவை ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ஆய்வு ஒன்று கேட்டது. நோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவில், பெரியவர் ஒருவருக்கு மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவ்வீட்டாரிடையே புதிதாய்த் தோன்றும் காசநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென 2023இல் முடிவு வெளியாயிற்று. ஊசி தராத காப்பைச் சோறும் பருப்பும் தந்தன.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்தவுடனேயே நோயாளியின் எடையையும் நிற்கும் வலிமையையும் நோக்கி, மெலிந்து நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வழிசெய்கிறது. நடுவண் அரசு நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்குகிறது. வீட்டில் உடனுண்டு உடனுறங்குவோர்க்கான உணவுப்பையோ, நன்கொடையாளர் ஒருவர் மனம்வைத்தால் கிட்டுவதாகவே இன்னும் இருக்கிறது.